சுவரில் இருபத்தொரு கோடுகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மராமத்து அலுவலகத்தில் எழுத்தனாக இருந்தபோது, துரையின் பார்வைக்கு என் பக்கங்களைத்தான் கொண்டுபோவார்கள். இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன். உங்கள் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம்.

துரைமார்கள் கப்பலேறியதோடு என் வேலையும் போயிற்று. மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். என் மனைவி அன்னக்கிளி இருந்த சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தான் தண்ணீர் குடித்துப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பலராமன் முதலாளி கடைத்தெருவை ஒட்டி ஓட்டல் கட்ட ஆரம்பித்து, என்னைச் சேர்த்துக்கொண்டார். கீழே பன்னிரண்டு கார் நிறுத்த இடம், அதன் தலைக்குமேல் தங்கும் அறைகள். கார் திரும்ப வேண்டுமென்பதால் நடுவில் தூண் கிடையாது. ஆளும் சாமானும் நாள் தவறாமல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "பொங்கலுக்குக் காரு உள்ள வரணும். வரலன்னா நீ வெளிய போவலாம்" என்றார் முதலாளி.

முருகையன் மேஸ்திரி தளத்துக்குப் பலகை அடித்து, அதைத் தாங்கச் சவுக்குக்கட்டை முட்டுகளை நிறுத்திய அன்று அவருடைய அண்ணன் இறந்த செய்தி வந்தது. தச்சர்களும் அவர் சொந்தக்காரர்கள்தான். எல்லோரும் விழுப்புரம் பக்கம் போய்விட்டார்கள். மறுநாள் வேறு ஆட்கள் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. ஆனால் சிமெண்ட் வரவில்லை. சிமெண்ட் வாங்கச் சர்க்கார் தரும் பர்மிட்டுக்கான மனு என் மேஜைக்குள்ளேயே கிடந்தது. கொடுக்க மறந்துபோனேன். தளம் போடுவது பத்து நாள் தள்ளிப்போயிற்று. முதலாளி மெட்ராஸில் கட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். சொன்ன தேதியில் முடிந்தது என்று அவருக்கு எழுதிப் போட்டேன்.

மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. தளத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பெண், தினமும் ஊற்றி முடித்ததும் சுவரில் ஒரு கரிக்கோடு போட வேண்டும். இருபத்தொரு நாள் இறுகினால்தான் தளம் முட்டில்லாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. இருபத்தொரு கோடு சேராமல் முட்டில் கை வைக்க மாட்டார், யார் சொன்னாலும் சரி. முட்டுகளைப் பிரிக்கிற அன்று தளத்துக்கு அடியில் அவர்தான் முதலில் போய் நிற்பார். தன் வேலைக்கு அவர் கொடுக்கும் உத்தரவாதம் அது.

காரியமெல்லாம் முடித்து இருபத்திரண்டாம் நாள் அவர் திரும்பினார். சுவரில் பதினொரு கோடுகள் இருந்தன. ஆட்கள் வருவதற்குமுன் நான் பத்தைச் சேர்த்தேன். தண்ணீர் ஊற்றும் அஞ்சம்மாளின் கோடுகள் கோணலாக இருக்கும். என் கைக்குக் கோணலாகப் போட வரவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

அஞ்சம்மாள் சுவரை வெகுநேரம் பார்த்தாள். "கோடு கூட இருக்குதுங்களே ஐயா. இத்தினி நாளு நான் ஊத்தலியே" என்றாள். உனக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மேஸ்திரி இருந்த பக்கம் நடந்தாள். கூப்பிட்டு, துடைப்பத்தைக் கொடுத்து, உள்கோடியைப் பெருக்கச் சொன்னேன். கார் வரப்போகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா.

மேஸ்திரி கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "சொன்ன நாள்லயே போட்டாச்சில்ல தம்பி?" என்றார். "போட்டாச்சு" என்றேன். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தெருவுக்கு வந்தேன். எனக்கு டீ பழக்கமில்லை.

நடு முட்டுகளை எடுத்ததும் தளம் இறங்கியது. மேஸ்திரிக்கு அந்த நிமிஷமே உயிர் போய்விட்டது. தச்சர்கள் வெளியே ஓடிவந்தார்கள். நான் உள்ளே ஓடினேன். கடைத்தெருவில் அதைச் சொல்லி என்னை மெச்சுகிறார்களாம். நான் போனது அந்தச் சுவரிடம். அது விழாமல் நின்றது. துண்டை நனைத்து எல்லாக் கோடுகளையும் துடைத்தேன். அன்னக்கிளியின் முகம்தான் கண்முன் நின்றது. உள்கோடியிலிருந்து "ஐயா, இங்க இருக்கறன்" என்று மெல்லக் கேட்டது. இரண்டு முறை கேட்டது.

அஞ்சம்மாளை மறுநாள்வரை ஏன் யாரும் தேடவில்லை என்று கேட்டீர்கள். வெளியே வந்ததும் தச்சர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

மேஸ்திரி மட்டும்தான் என்றேன்.