பெருந்தேவி அம்மையார் திறக்காத கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வேணுகோபால் அவர்களே, அம்மையாரின் புதல்வர் ஸுதர்சன் அவர்களே, கடையை அடைத்துவிட்டு இந்த வெயிலில் வந்திருக்கும் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமக்களே, அனைவருக்கும் துயரத்தோடு என் வணக்கம்.

பட்டுக்கடை முனிரத்தினம் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று கேலி பேசுவீர்கள். இன்று எனக்கு வார்த்தை வரவில்லை. பிரவுசிங் சென்டர் பெருந்தேவி அம்மையாரைப் புகழ்ந்து பேச வேண்டும் என்றார்கள். ஒருவர் என்ன செய்தார் என்று புரிந்தால் அல்லவா புகழ முடியும்? எனக்கு இன்னமும் பாதிதான் புரிந்திருக்கிறது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூருக்கு டிரங்கால் போட்டுக் கொடுத்த ஆபரேட்டர் அவர். ஓய்வு பெற்றதும் நம் தெருவில் நான்கு கம்ப்யூட்டர்களோடு சென்டர் திறந்தார். திறந்தார் சரி, ஆனால் அங்கே எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் பாதி காலியாக வந்தது. படம் ஆடாது, பாட்டு பாடாது. அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் நிற்கும். இணையப் பக்கத்துக்குள் குட்டிப் புரோகிராம்கள் சேர்ந்து வருகின்றன, நம்மைக் கேட்காமல் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகின்றன, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பார். கட்டாயம் வேண்டும் என்றால் நம்மிடம் கேட்டுவிட்டு அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்துவிடுவார். காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்குக் காலிக் கட்டத்தைக் காட்டும் வியாபாரம் எந்த ஊரில் உண்டு?

என் கடைக்கும் ஒரு வெப்சைட் இருக்கிறது. திறந்ததும் முந்தானையிலிருந்து மயில் எழுந்து ஆடும். வாலாஜாபாத்தில் ஆடுகிறது, சென்னையில் ஆடுகிறது, எதிர்க்கடையில் இருக்கும் அம்மையாரிடம் மட்டும் ஆடவில்லை. சண்டைக்கே போனேன்.

“என் மயிலு உங்களை என்னம்மா பண்ணுச்சு?” என்றேன்.

“மயில் ஒண்ணும் பண்ணலை, முனிரத்தினம். மயிலோட கூட யார் வரான்னு உனக்குத் தெரியுமோ?” என்றார்.

தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த சத்யராஜிடம் கேட்டேன். “மயிலோட ஒரு குட்டிப் புரோகிராமும் வருது சார். யாரு பாக்கறாங்க, என்னா பாக்கறாங்கன்னு அது குறிச்சிக்கினே இருக்கும். நல்லதுதான்” என்றான். குறித்து யாருக்கு அனுப்பும் என்று கேட்டேன். “அது தெர்ல சார். ரெடிமேடா கிடைச்சுது, போட்டேன்” என்றான். என் மயில், என் கடை, அது யாருக்கோ தகவல் சொல்கிறது; யாருக்கு என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது.

அம்மையாரின் உடலுக்கு மாலை போடும்போது ஒரு பெண் என்னை ஓரமாக அழைத்தார். பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்லுங்கள் என்றார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் வேறொரு சென்டரில் தன் நோயைப் பற்றிப் படித்திருக்கிறார்; அதை அப்படியொரு குட்டிப் புரோகிராம் குறித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் அதே கம்ப்யூட்டரில் அவருடைய மாமனார் உட்கார, அந்த நோய்க்கான மருந்து விளம்பரமாக வந்து விழுந்திருக்கிறது. நேற்று இங்கே யார் உட்கார்ந்தது என்று மாமனார் கேட்க, கடைக்காரர் சொல்லிவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் அவர் பட்ட பாட்டை நான் மேடையில் சொல்ல மாட்டேன். பிறகு அவர் பெருந்தேவி அம்மையாரிடம்தான் வந்து படித்தார், அங்கிருந்துதான் டாக்டருக்கு எழுதினார், இன்று நலமாக இருக்கிறார்.

அதைக் கேட்டபோது அம்மையார் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. “எக்ஸ்சேஞ்சுல ஊர்க்கதை பூரா என் காதுக்குப் பக்கத்துல ஓடித்து. நான் கேக்கலை. பேசறவா ரெண்டு பேர், லைன்ல மூணாவது ஆள் இருந்தா சொல்லிடணும்.” அப்போது எனக்கு அது ஏதோ பழைய வேலைக் கதையாகத் தோன்றியது.

இப்போது ஸுதர்சன் அவர்கள் சென்டரை நம் சங்கமே நடத்தட்டும் என்று கொடுத்துவிட்டார். அங்கே வேலை செய்யும் நதியா இன்று காலை என்னிடம் கேட்டது: “எல்லாத்தையும் தொறந்து வுட்டா கூட்டம் வரும்னு சொல்றாங்கண்ணா. தொறக்கட்டுமா?”

எனக்கு என்ன தெரியும்? எந்தப் புரோகிராம் நல்லது, எது வேவு பார்ப்பது? சங்கத்தில் யாருக்காவது தெரியுமா? தெரியாத நாம் திறந்துவிட்டு, நாளை இன்னொரு வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வோம்?

ஆகவே செயலாளரின் சம்மதத்தோடு, சங்கத்தின் சார்பில், அம்மையாரின் படத்தின் முன்னே சொல்கிறேன். கட்டங்கள் மூடியே இருக்கும். கட்டாயம் வேண்டும் என்பவருக்கு, அவரிடம் கேட்டுவிட்டு, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திறப்போம். கூட்டம் குறைந்தால் குறையட்டும்.

நதியாவிடம் காலையிலேயே இதைச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க மயிலுக்கு மட்டுமாச்சும் தொறக்கறேண்ணா” என்றது. வேண்டாம்மா என்றேன். அம்மையாரின் நாற்காலியில் உட்கார்ந்து என் கடைப் பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் கட்டம் வந்தது. அதைப் பார்த்து அழுதேன், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. வணக்கம்.