வெள்ளைக்காரி இத்தா இருக்கத் தேவையில்லை

பள்ளிவாசல் மரைக்கார்மாரே, முதலில் ஒரு சங்கதி. சாய்மனைக் கதிரை என்றால் முதிரை மரத்தில் செய்ததாக இருக்கவேண்டும். பிரம்பு தொய்ந்தால் திரும்பப் பின்னிக்கொள்ளலாம், மரம் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கிடக்கும். என்னுடையது அப்படிப்பட்டது. அதற்கும் இந்த விசாரணைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள் பள்ளிவாசலில் வந்து முறையிட்டது ஆதம்பாவாவாகிய என்னைப் பற்றி மட்டும் அல்ல, படத்தில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியும்தான் என்று கேள்விப்பட்டேன். புருஷன் கண்ணை மூடி மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்கவேண்டியவள் அந்நிய ஆணைக் கட்டிப்பிடித்தாளாம். அதனால்தான் கூப்பிடும் முன்னமே வந்துவிட்டேன். அவள் பத்தினி. குற்றம் முழுக்க என்னுடையது. ஆறுதலாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

மகள் ஸுல்பிகாவை றவூபுக்குக் கட்டிக்கொடுத்தேன். நம் ஊர் வழமைப்படி வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, நானும் மனைவி ஸகியாவும் சமையல் குசினிக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி ஒதுங்கிக்கொண்டோம். வீட்டோடு வீட்டுச் சாமான்களும் மருமகனுக்குப் போயின. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நல்ல பிள்ளை. கடையிலிருந்து வந்து, சட்டையை ஆணியில் மாட்டி, அந்தச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, அந்தி மஃரிபு பாங்கு வரைக்கும் குறட்டை விடுவார். வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவருக்கென்று எடுத்துவைத்த கொடுவா மீன்தலையை நான் தின்றுவிட்டேன். பசி. மருமகன் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு நற்பிட்டிமுனையில் இருக்கிற தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை கோபித்துப் போனால் மாமனார்தான் போய் அழைத்து வரவேண்டும், போகாவிட்டால் வாழ்வே அறுந்துபோகும். இது எனக்குத் தெரியாததல்ல.

"வாப்பா, இண்டைக்கெண்டாலும் போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்று மகள் விடிந்தால் அழுவாள்.

"ஓம் மகள், வெயில் கொஞ்சம் தணியட்டும்" என்பேன். அந்த வருடம் வெயிலும் கடுமைதான்.

பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்தேன். ஊருக்கு டெக் வந்த புதிது, நல்ல படமெல்லாம் வேறு வீடுகளுக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பழைய இங்கிலீஷ் காதல் படம். கல்லோயாவில் அணை கட்டிய துரைமாருக்குச் சமைத்தவன் நான், எனக்கு இங்கிலீஷ் விளங்கும். காலையிலேயே தனியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். சொல்லிக்கொடுப்பதில் பிழை வரக்கூடாது அல்லவா.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு கதை சொன்னேன். ஒரே நாட்டு ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து சுட்டுக்கொள்கிறார்கள். பண்ணைக்காரன் மகளைக் கட்டியவன், மாமனாரோடு கோபித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறான். அங்கே குதிரையிலிருந்து விழுகிறான். காயம் கையில்தான்.

நான் சொன்னேன்: "மவுத்தாகிட்டான்."

"இன்னாலில்லாஹி" என்றார்கள். அடுத்த வீட்டு ஆயிஷா உம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். புருஷன் இல்லாமலும் ஒரு பெண் தகப்பனோடு சீராக வாழலாம் என்று மகளுக்குக் காட்டத்தான் அப்படிச் சொன்னேன். அதைப் புத்திமதி என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகுதான் வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது தெரிந்தது. படம் முடிகிற நேரம் மவுத்தானவன் தாடியோடு வந்து கதவைத் தட்டினான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"இவன் ஆரு?" என்றாள் ஆயிஷா உம்மா.

"மவுத்தானவன்ட தம்பி" என்றேன்.

வீடு இரண்டுபட்டது. "அடியே, இத்தா முடியல்லியே! புருஷன்ட தம்பியோடயா?" என்று ஆயிஷா உம்மா செருப்பைத் தூக்கி டீவிக்கு எறிந்தாள். கண்ணாடியில் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாடகைச் சாமான்.

ஸுல்பிகா பாயை விட்டு எழும்பினாள். "வாப்பா, கோவிச்சிட்டுப் போன மனிசன் அப்பிடியே மவுத்தாகினா நான் என்ன செய்வன்?" என்றவள், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு நற்பிட்டிமுனைக்கு நடந்தாள். மஃரிபுக்குள் மருமகன் வந்துசேர்ந்தார். நான் எழும்பி இடம் விட்டேன். மகள் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் இல்லை.

காயம் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் மனிசனைக் கொன்றாய் என்று கேட்பீர்கள். காயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் முழுப் படத்தையும் காலையிலேயே பார்த்தவன் நான். கட்டிப்பிடித்த பிறகு அவன் என்ன செய்கிறான் தெரியுமா? நேராக உள்ளே போய், மாமனாரின் கதிரையில் சாய்ந்து, காலை நீட்டுகிறான். அந்தக் கிழவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறான். ஏன் நிற்கிறீர் என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆகையால் நான்தான் கொன்றேன், மரைக்கார்மாரே. அந்தப் படம் திரும்ப வந்தால் குதிரையில் ஏற முன்னமே கொல்வேன். அந்தப் பெண் பிள்ளையை விட்டுவிடுங்கள். கதிரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.