பள்ளி வண்டியில் ஓர் ஆள்

காலை ஆறு நாற்பத்திரண்டு. பனி இன்னும் விலகவில்லை. நகர முனையத்தில் எக்ஸ்பிரஸ் பஸ் காலியாகிவிட்டது. அங்கிருந்து முதல் பள்ளிப் பிள்ளை ஏறும் நிறுத்தம் வரைக்கும் கிடங்குச் சாலை மட்டும்தான். இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள், நடுவில் நான்கு கிலோமீட்டர். வீடு கிடையாது, கடை கிடையாது, நிறுத்தமும் கிடையாது.

அந்தச் சாலையில் வண்டியை விடுவதற்கு முன் என் கணவர் எனக்குப் போன் செய்தார்.

"டப்பாவில ஸ்பூன் வைக்கல நீ."

"கையால சாப்பிடுங்க. கையை எங்க வச்சுட்டு வந்தீங்க?"

"ஸ்டியரிங்ல. எண்ணெய் நாறுது."

"கழுவிட்டுச் சாப்பிடுங்க. சோப்பு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு."

சிரித்தார். போனை வைத்துவிட்டார். நாங்கள் கடைசியாகப் பேசியது ஒரு ஸ்பூனைப் பற்றி.

இந்தக் கதை இப்போது டிப்போ டிப்போவாகச் சுற்றுகிறது. யாரோ ஒருவருடைய மச்சானுக்கு நடந்ததாகச் சொல்கிறார்கள். மச்சான் யாரும் இல்லை. என் கணவர்தான். மழையில் வண்டிகள் எல்லாம் நின்றுபோன ஓர் இரவு, டிப்போ ஓய்வறையில் எட்டுப் பேர் ஒரே கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது முதன்முதலாக முழுவதும் சொன்னேன். வண்டி கழுவும் பையன், வாய் ஓயாததால் எல்லாரும் 'ரேடியோ' என்று கூப்பிடுகிறவன், "அக்கா, சொல்லுங்க, ஆனா லைட்டை அணைக்காதீங்க" என்றான். அன்று சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் நாங்கள் இருவரும் ஒரே பள்ளி வண்டியில் வேலை பார்த்தோம். அவர் டிரைவர், நான் உதவியாள். சின்ன வண்டி, தாழ்ந்த சீட்டுகள். பிள்ளைகள் இறங்கியதும் நான் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு சீட்டையும் தொட்டுக்கொண்டே போவேன். தூங்கிப்போன பிள்ளை ஒன்றுகூட உள்ளே இருந்துவிடக் கூடாது என்பதற்காக. கடைசி சீட்டைத் தொட்டதும் "காலி" என்று சத்தமாகச் சொல்வேன். அவரும் "காலி" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எஞ்சினை அணைப்பார். யாரும் எழுதிவைத்த விதி இல்லை அது. நாங்களாக வைத்துக்கொண்டது.

பிறகு பழைய வண்டிகளை ஓரங்கட்டினார்கள். புதிது வாங்கவில்லை. விடியற்காலையில் அலுவலகக்காரர்களை நகரத்துக்குக் கொண்டுவிடும் எக்ஸ்பிரஸ் பஸ்களையே, அந்தச் சவாரி முடிந்ததும் பள்ளி வழியில் ஓட்டச் சொன்னார்கள். எக்ஸ்பிரஸில் டிரைவர் ஒருவர்தான். உதவியாள் தேவையில்லை என்று சொல்லி என்னைச் சீருடைக் கிடங்கில் போட்டார்கள்.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயரமான சாய்வு சீட்டுகள், கறுப்புக் கண்ணாடி ஜன்னல்கள். பெரியவர்கள் தூங்கிக்கொண்டு போவதற்காகச் செய்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் சீட்டுகளின் தலைதான் தெரியும், பிள்ளைகளின் தலை தெரியாது. முனையத்தில் கதவைத் திறப்பார், அலுவலகக்காரர்கள் இறங்குவார்கள், கதவை மூடுவார். யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் இல்லை. முனையத்தை விட்டால் பதினொரு நிமிடத்தில் முதல் பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். டைம் கீப்பரின் கணக்கு அது. அவருக்கு டிப்போவில் பெயரே 'கடிகாரம்'தான்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருநாள் இவர் வந்து சொன்னார். கிடங்குச் சாலையில் மணி அடித்ததாம்.

எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு சீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் உண்டு. இறங்க வேண்டியவர் அமுக்கினால் டிரைவருக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும், ஒரே ஒரு மணிச் சத்தம் கேட்கும்... டிங். அன்று வண்டியில் ஆள் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் நிறுத்திவிட்டார், கதவைத் திறந்தார். யாரும் இறங்கவில்லை. பனி மட்டும் உள்ளே வந்தது.

"வயர் எங்கேயோ உரசுது" என்றார்.

மெக்கானிக் பார்த்தார். வயர் நன்றாக இருந்தது. மறுநாளும் அடித்தது, அதே இடத்தில். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் இவர் நிறுத்திக் கதவைத் திறந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்டதற்கு, "மணி அடிச்சா நிறுத்தணும். இருபது வருஷமா கால் தானா பிரேக்குக்குப் போகுது" என்றார்.

நான்காவது வாரம் கடிகாரம் கூப்பிட்டு அனுப்பினார். சீருடைக் கிடங்குக்கும் அவர் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்டது.

"கிடங்கு ரோட்ல தினமும் நாப்பது செகண்ட் நிக்கிற. என் ஸ்க்ரீன்ல தெரியுது. யாரை ஏத்துற?"

"யாரையும் ஏத்தலை சார். மணி அடிக்குது."

"ஆள் இல்லாத வண்டியில?"

"ஆமா சார்."

"நல்லாருக்கு. நீயும் நாலு பேர்கிட்ட சொல்லிப் பாரு, எப்படி இருக்குன்னு." ஒரு காகிதம் மேசையில் விழுந்த சத்தம். "மூணு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. பிள்ளைங்க வண்டியில, கடைசி வரிசை ஜன்னலோரமா ஒரு ஆம்பளை உக்காந்து வர்றானாம். மடியில பை. தூங்குறானாம். பொட்டப் பிள்ளைங்க வர்ற வண்டிய்யா அது."

இவர் அந்தக் காகிதத்தை எடுத்துப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு வாரம். இன்னொரு புகார் வந்தா நான் பேச மாட்டேன், போலீஸ்தான் பேசும்."

அன்று மாலை நானும் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இவர் இளகின மனசுக்காரர். ராத்திரி வேலை முடித்து வருகிறவன் யாராவது கெஞ்சியிருப்பான், இவரும் பாவம் பார்த்திருப்பார் என்று எனக்கும் ஒரு பக்கம் தோன்றியது.

"நிஜத்தைச் சொல்லுங்க. யாரையாவது கூட்டிட்டுப் போறீங்களா?"

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கழற்றாமல் நின்றார்.

"நீயுமா?"

அவ்வளவுதான் கேட்டார்.

வண்டிக் கதவில் ஒரு கேமரா இருந்தது. கடிகாரம் பார்த்தார். பள்ளி வழியில் ஏறியது பிள்ளைகள் மட்டும்தான். அது இவருக்கு நல்லதாக முடியும் என்று நினைத்தேன். இல்லை. "அப்போ முனையத்துல இறங்காம உள்ளேயே இருந்திருக்கான்" என்றார் அவர். ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு வழியாகச் சந்தேகம் உள்ளே வந்தது.

நானே போய்க் கேட்டேன். ஒருநாள் நான் ஏறிப் பார்க்கிறேன், நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று. கடிகாரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். "புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சியா?" என்றார். அப்புறம், "சரி. ஒன்பது வருஷம் நீ பொய் சொன்னதில்ல. போ" என்றார்.

வியாழக்கிழமை. முனையத்தில் நான் வாசலில் நின்று முப்பத்தெட்டுப் பேர் இறங்கியதைப் பார்த்தேன். ஏறி, கடைசி வரிசை வரை நடந்தேன். சீட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். ஒரு செய்தித்தாள், ஒரு மிட்டாய்த் தாள். ஆள் இல்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

கிடங்குச் சாலை. பனியில் முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. 

டிங்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டியா?" என்று கேட்கவில்லை. பார்த்தார். நிறுத்தினார். கதவு உஸ்ஸென்று திறந்தது. குளிர். அப்புறம் ஒரு வாசனை... நனைந்த கம்பளிக் கோட்டை மூடிய அறையில் காயப்போட்டால் வருமே, அது. வெளியிலிருந்து வரவில்லை. வண்டிக்குள்ளிருந்து, பின்னாலிருந்து, மெதுவாக முன்னால் வந்தது. என் முழங்கால்வரை வந்து நின்றது.

யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசனை மறுபடியும் பின்னால் போய்விட்டது. இவர் கதவை மூடினார்.

முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏறினார்கள். முன்பற்கள் விழுந்த ஒரு சின்னப் பெண், நாங்கள் 'ஓட்டைப்பல்' என்போம், என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டாள். பிறகு பின்னால் போனாள். வழக்கமாகக் கூச்சல் போடுகிற பிள்ளைகள், கடைசி மூன்று வரிசைகளில் மட்டும் கிசுகிசுவென்று பேசினார்கள். ஒருத்தி தன் பையை இழுத்துக் கடைசி வரிசை ஜன்னலோர சீட்டுக்கு வழிவிட்டு உட்கார்ந்தாள். "ஏன்டி மெதுவா பேசுறீங்க?" என்று கேட்டேன். ஓட்டைப்பல் விரலை உதட்டில் வைத்தாள்.

"அங்கிள் தூங்குறாரு."

நான் பார்த்தேன். சீட்டு இருந்தது. ஜன்னலில் பனி இருந்தது.

பள்ளியில் எல்லாரும் இறங்கினார்கள். கடிகாரம் போனில் காத்திருந்தார், இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் எழுந்து பழையபடி ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் குளிர்ந்திருந்தது. கடைசி வரிசை. ஜன்னலோரம். கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

பிள்ளை யாரும் அதில் உட்காரவில்லை. நானே பார்த்தேன். கையை எடுக்கவும் முடியவில்லை. ஓர் ஆள் எழுந்து போன சீட்டின் சூடு இல்லை அது. எழுந்து போன சீட்டு ஆறிக்கொண்டே வரும். இது ஆறவில்லை...

இந்த இடத்துக்கு வந்தபோது, ஓய்வறையில் ரேடியோ எழுந்துபோய் லைட் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டான். வெளியே மழைத் தண்ணீர் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றாங்க உன் வீட்டம்மா?" போனில் கடிகாரம்.

இவர் முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரம் தூங்காத தூக்கம் கண்ணுக்குக் கீழே தொங்கியது. நான் உள்ளதைச் சொன்னால், புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்பார்கள். வேலை போகும். பேரும் போகும். ஒரு சொல்தானே.

"காலி" என்றேன்.

இவர் ஒரு நொடி தாமதித்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "காலி" என்று திருப்பிச் சொன்னார். எஞ்சினை அணைத்தார்.

"சரி, காலின்னு எழுதிக்கிறேன்" என்றார் கடிகாரம். "நாளையிலிருந்து கிடங்கு ரோட்ல வண்டி நிக்கக் கூடாது. மணி அடிச்சாலும் சரி, மேளம் அடிச்சாலும் சரி."

அன்று வீட்டில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்பூன்.

ஏழு மணி பத்துக்கு முதல் நிறுத்தத்திலிருந்து ஓர் அம்மா டிப்போவுக்குப் போன் செய்தார், வண்டி வரவில்லை என்று. கடிகாரத்தின் திரையில் வண்டி கிடங்குச் சாலையில் நின்றிருந்தது. இருபது நிமிடத்துக்கு மேலாக. அவர் என்னைக் கூப்பிடவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்த சத்தத்தைக் கேட்டு நானே பின்னால் ஓடினேன்.

ஓரமாக, ஒழுங்காக நிறுத்தியிருந்தது. கைபிரேக் போட்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் டிரைவர் சீட்டில் இல்லை. கடைசி வரிசையில், ஜன்னலோரத்துக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில். தலை ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது, பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

மாரடைப்பு என்றார் டாக்டர். நெஞ்சு வலித்திருக்கும், படுக்கலாமென்று பின்னால் போயிருப்பார் என்றார் கடிகாரம். முதல் சீட் இருக்கும்போது ஏன் பதினொரு வரிசை நடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எதையோ மறைக்கிறார் என்று வெகுநாள் சந்தேகப்பட்டேன். அந்த வண்டியில் முன்பு யாராவது செத்துப்போனார்களா, கிடங்குச் சாலையில் விபத்து ஏதாவது நடந்ததா என்று கேட்காத ஆள் இல்லை, புரட்டாத காகிதம் இல்லை. அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. கடிகாரத்துக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ் பள்ளி வண்டிகள் எல்லாவற்றிலும் உதவியாள் போட்டார்கள். எனக்கு அந்த வண்டியே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஏன் என்று கேட்டார்கள். அவர் அந்தக் கடைசி வரிசையில் இருந்தால் நான் சொன்னது பொய் என்று அவரிடமாவது ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை வெளியில் எப்படிச் சொல்வது.

இப்போது கிடங்குச் சாலையில் மணி அடிப்பதில்லை. கடைசி வரிசையில் கை வைத்தேன். ஜன்னலோரம் குளிர்ந்திருந்தது. அதற்கு அடுத்ததும் குளிர்ந்திருந்தது. ஒரு மாதம் தினமும் வைத்துப் பார்த்தேன்.

ஒருநாள் வண்டியில், முதல் வரிசையில் என் சீட்டில் உட்கார்ந்தபடி ஓட்டைப்பல்லை மெதுவாகக் கேட்டேன். அவளுக்குப் பல் முளைத்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

"அந்தத் தூங்குற அங்கிள் இப்பவும் வர்றாராம்மா?"

"இல்ல ஆன்ட்டி. அவரு எப்பவோ இறங்கிட்டாரு."

"பழைய டிரைவர் அங்கிள்?"

அவள் எனக்குப் பக்கத்தில் பார்த்தாள். பின்னால் திரும்பவே இல்லை.

"இங்கதான உக்காந்திருக்காரு. உங்க பக்கத்துல."

"...என்ன பண்றாரு?"

"உங்களையே பாக்குறாரு."

"கோவமா?"

கொஞ்சம் யோசித்தாள். பிள்ளைகள் இப்படிப்பட்ட விஷயத்தில் பொய் சொல்லும்போது யோசிப்பதில்லை.

"கோவம் இல்ல. ஏதோ கேட்டுட்டு, நீங்க பதில் சொல்றதுக்காக உக்காந்திருக்கிற மாதிரி."

அந்த வழியில் இப்போது பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டு, அவரைப் பார்த்தே இராதவர்கள். முதல் வரிசையில் என் பக்கத்து சீட்டில் இதுவரை ஒரு பிள்ளைகூட உட்கார்ந்ததில்லை.