குண்டு போடாத ஒரு வாரம்

— இன்னைக்கு புதன். வெள்ளிக்கிழமை உன் பையன் ட்ராவிஸ் ஜெயில்லேர்ந்து வெளிய வர்றான். இன்னும் எத்தனை நாள்டி துப்பாக்கிச் சேம்பர்ல குண்டில்லாம திரியப் போற, ட்வைலா?

— பயமா இருக்கு மேவிஸக்கா. லாண்டரில நாள் பூரா குனியுற வேலை. இடுப்புல இருக்குறது என் தொடையிலயே வெடிச்சிட்டா?

— கேளு. அதுக்குத்தானே இந்தச் சோதனை சொன்னேன். குண்டில்லாம துப்பாக்கி மேல்பாகத்தை இழுத்து விட்டு, இடுப்பு உறையில வச்சுக்கிட்டு ஒரு வாரம் நட, உட்காரு, சர்ச்சுக்குப் போ. சாயங்காலம் டிரிக்கரைப் பாரு. முன்னால நின்னா தானா வெடிக்காது. பின்னால போயிருந்தா, குண்டு இருந்தா வெடிச்சிருக்கும்னு அர்த்தம்.

— தினம் பார்த்தேன். முன்னாலதான் நின்னுச்சு.

— பின்ன என்ன? ட்ராவிஸ் வாசல்ல நிக்கிறப்ப, உருவி, இழுத்து, குண்டை ஏத்திக்கிட்டிருப்பியா? போன தடவை தாடையை உடைச்சான். இந்தத் தடவை கொல்றேன்னு கடுதாசியே போட்டிருக்கான். கவுண்ட்டிக்கு ரெண்டே டெபுட்டி போலீஸ். கூப்பிட்டா முக்கா மணி நேரம் ஆகும்.

— துப்பாக்கியை நம்புறேன்க்கா. என்னைத்தான் நம்பல. பெத்தவனைப் பார்த்து எனக்குக் கை வருமா?

— கேளு. போதை ஏறிட்டா அவன் நீ பெத்தவன் இல்ல.

— என்னமோ போ. தூங்குறப்ப இன்னும் கட்டை விரலைத்தான் சூப்புறான். இருபத்தாறு வயசுல.

— இப்படிப் பேசியே சாகப் போற. இன்னைக்குப் பார்த்தியா?

— இல்ல.

— குடு இங்க. சேம்பர் காலி, சரி. ட்வைலா... டிரிக்கர் பின்னால போயிருக்குடி.

— ம்.

— கடவுளே. குண்டு மட்டும் இருந்திருந்தா? இந்த உறைதான் சரியில்ல. மலிவா வாங்கினேன், என்னைச் சொல்லணும். காலையில வேற வாங்கிட்டு வர்றேன். எப்ப பின்னால போச்சு? குனிஞ்சப்பவா?

— உறை மேல பழி போடாதக்கா. தானா போகல.

— பின்ன?

— அவனை ரெண்டு நாள் முன்னாடியே விட்டுட்டாங்க. மத்தியானம் வந்தான்.

— ஐயோ. அடிச்சானா?

— இல்ல. படியிலயே நின்னான். எலும்பும் தோலுமா இருக்கான். கையில ஒண்ணுமில்ல. “பசிக்குதும்மா”ன்னான். நான் டிரிக்கரை அழுத்திட்டேன்.