ஒருத்தி மட்டும் நின்ற போட்டி

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளின் போனில் கல்லூரி விண்ணப்பம் திறந்திருந்தது.

“ஸ்கூல் கலோத்சவத்துல தமிழ்ப் பத்யம் சொல்லி ஃபர்ஸ்ட் வாங்கினேல்லா, அதைப் போடு.”

“அம்மா, மத்த பிள்ளைங்க எல்லாம் மலையாளத்துக்குப் போயிட்டாங்க, தமிழுக்கு நான் ஒருத்திதானே நின்னேன்.”

“அதெல்லாமா கேக்கப் போறாங்க?”

“கேட்டிருக்கே. எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்கன்னு தனியா ஒரு கட்டம். பொய் எழுதினா சீட்டே போயிரும்மா.”

அம்மா குனிந்து அந்தக் கட்டத்தைத் தானே படித்துப் பார்த்தாள். நான் என் போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

“பின்னே அன்னிக்கு மேடைல உனக்குக் கை ஏன் அப்படி நடுங்கிச்சு?”

“பாட்டு நடுவுல மறந்து போயிருந்தா, எதிர்ல ஆளே இல்லாம தோத்திருப்பேன்லா.”

“அப்போ அந்தக் கட்டத்துல ஒண்ணுன்னே போடு.”