தங்கும் ஆளா, வந்து போகிறவளா

பிள்ளை பார்க்க ஆள் தேடுகிற தாய்மார்கள், பல் காட்ட என் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: வீட்டோடு தங்குகிற ஆள் நல்லதா, காலையில் வந்து மாலையில் போகிறவள் நல்லதா? இரண்டும் எனக்குப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். பழக்கம்தான்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கிளினிக். எங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆனபோது, பார்த்துக்கொள்ள அவள் வேலைக்கு வந்தாள். தங்கமான பெண். அவள் இடுப்பில் ஏறினால் பாப்பா அழுகையை மறந்துவிடும். ஆனால் மாலை ஆறு அடித்தால் செருப்பை மாட்டிவிடுவாள். அதற்குப் பிறகு நானும் என் கணவரும் படுவது நாய் படாத பாடு.

"இங்கயே தங்கிடேன். பின்னறை சும்மாதான கெடக்கு" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"பொடிசு விடமாட்டாக்கா. என் காதைப் பிடிச்சாத்தான் அவளுக்குத் தூக்கமே வரும்" என்பாள்.

பொடிசு அவள் மகள். நாலு வயது. தகப்பன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். பகலில் அவளுடைய பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். குழந்தைக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். உடனே இவள் அரைநாள் லீவு கேட்பாள். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும், போ" என்று தேற்றுவேன். சிரிப்பாள்.

வேலை நேரத்தில் அவள் போன் என் மேசை இழுப்பறையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போன் பார்க்கலாமா? அவளும் நியாயம் என்றுதான் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அது அடித்தது. நான் எடுத்தேன்.

"பொடிசுக்கு ரொம்ப இழுக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. "மருந்துக் குழாய் ரெண்டு இருக்கு. எதை வாயில வைக்கணும்னு தெரியல. அவளக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் சீக்கிரம் போயிருந்தாள். நாற்காலியில் ஒருவர் மரத்துப்போன வாயோடு காத்திருந்தார், வெளியே இன்னும் மூன்று பேர். இன்றைக்கும் விட்டால் இதுவே வழக்கமாகிவிடும் என்று தோன்றியது. எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றும்.

"சொல்றேன். பதறாதீங்க."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடட்டுங்களா, டாக்டரம்மா?"

"அதெல்லாம் வேணாம். நிமித்தி உக்கார வைங்க, சரியாயிடும்."

டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். போன் இன்னும் இரண்டு முறை அதிர்ந்தது, கடைசியாக ஒரு மணிக்குச் சற்று முன்பு. நான் எடுக்கவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், மறக்கவில்லை. ஒரு மணிக்குக் கடைசி ஆளை அனுப்பி, கை கழுவிவிட்டு உள்ளே போய், "இப்பத்தான் போன் வந்துச்சு, ஓடு" என்றேன். வெறுங்காலோடு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கை சில்லிட்டிருந்தது.

நானும் போனேன். நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. பாயில் கிடந்த அந்தச் சின்ன உடம்பைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். இன்றைக்கும் சில நாள் சோறு இறங்குவதில்லை. பதினொரு மணிக்கே சொன்னேனே என்று பக்கத்து வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்குக்கா போன் வந்துச்சு?"

"ஒரு மணிக்குத்தான். அவங்க பதட்டத்துல நேரம் தெரியாமப் பேசுறாங்க, பாவம்."

போனை அவளிடம் கொடுக்கும் முன்பே கடைசி அழைப்பைத் தவிர மற்றதை அழித்திருந்தேன். அந்த அம்மாவுடையது பழைய லேண்ட்லைன். அதில் எதுவும் பதிவாகாது. அவள் என்னைத்தான் நம்பினாள். பிள்ளையைச் சாகவிட்டவர் அந்த அம்மாதான் என்று இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

மூன்று மாதம் கழித்து நானே போய் அவளைக் கூட்டிவந்து பின்னறையைக் கொடுத்தேன். "நீங்க இல்லன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்" என்று சில நாள் என் மடியில் விழுந்து அழுகிறாள். எனக்கும் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. முதுகைத் தடவிக் கொடுக்கிறேன்.

ஆகவே, கேட்கிறவர்களிடம் தங்குகிற ஆள்தான் நல்லது என்று சொல்கிறேன். ஆனால் அவளை மட்டும் யாரும் கேட்க வேண்டாம், அனுப்ப மாட்டேன். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள் நான்தான்.