எண்பத்து மூன்றாம் அச்சு

களிமண்ணை வெண்ணிலவாக மினுக்கிக் காட்டிய கைகளால் இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய பெரியவர் ஆதிநாராயணன் அவர்களே! ஆண்டு விழாவை அணு அணுவாக அமைத்திருக்கும் சங்கச் செயலாளர் கொளஞ்சிநாதன் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், விரல் நுனியில் வெள்ளை மண் காயும் முன்பே வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும் தோழர்களே! விருத்தாசலத்தின் சூளைச் சூட்டிலே வளர்ந்த உங்கள் அனைவருக்கும் இந்தச் சீதாராமனின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் யாரோ காதில் கை வைத்துக் காட்டுகிறார்கள். கேட்கவில்லையா? மைக்கை இழுத்துக்கொள்கிறேன். என் குரல் எப்போதுமே இப்படித்தான். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். அங்கே பேச வேண்டிய தேவை இல்லை, எழுதினால் போதும். இன்று பேசுவதைக்கூட நான்கு தாள்களில் எழுதித்தான் கொண்டு வந்திருக்கிறேன். தவறிருந்தால் பொறுத்தருளுங்கள்.

இணையத்தில் கடை வைத்து விற்பது எப்படி என்று பேசச் சொன்னார் செயலாளர். அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று மூன்று நாள் யோசித்தேன். நன்றாகச் செய்தவன் என்ற தகுதி இல்லை. தவறாகச் செய்து பார்த்தவன் என்ற தகுதி நிச்சயமாக உண்டு. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. நம் வாசுகியின் கொட்டகை உங்களுக்குத் தெரியும். அதோ, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவர்தான். ஒன்பது பெண்கள் அவரோடு வேலை செய்தார்கள். அந்த ஆண்டு தையில் கடைசியாக ஒரு முறை சூளை மூட்டினார்கள். அதோடு வெளியூர் வியாபாரிகள் வருவது நின்றுபோனது. கொட்டகை ஒப்பந்தத்திலே ஒரு வரி: ஆறு மாதம் தொடர்ந்து சூளை எரியாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஜூலை இருபது கெடு. ஆர்டர் இல்லாமல் எதை அடுக்கிச் சூளை மூட்டுவது? ஜாடிக்கு ஆள் இல்லை, கொட்டகைக்குக் காலம் இல்லை, ஒன்பது வீட்டு அடுப்புக்கும் வேறு வழி இல்லை.

வாசுகியின் நாத்தனார் வேல்விழி பெங்களூரில் கணினி வேலையில் இருந்தார். அவர் இணையத்தில் ஒரு கடையை உருவாக்கிக் கொடுத்தார். எழுதிப் பழகியவன் என்று அந்தக் கடையின் எழுத்து வேலையை வாசுகி என்னிடம் ஒப்படைக்க, வேல்விழி போனில் எனக்கு ஒன்றைப் பொறுமையாக விளக்கினார். கடையைத் திறந்தால் மட்டும் போதாதாம். மக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தட்டிக் கேட்கும் தேடுபொறியிலே நம் சரக்கைப் பட்டியலாகக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பொருளுக்கு ஒரு வரி. பெயர், விவரம், விலை, படம் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்.

கட்டமா! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுபதுகள் திரும்பி வந்துவிட்டன. வைக்கோல் மணக்கும் அந்தச் சரக்குக் கூடம். கூடையின் பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதிய எண்கள். "நாப்பத்தேழு ரெண்டு கூட, அறுபது ஒரு கூட" என்று ஏற்றுகிறவர் ராகம் போட, நான் பதிவேட்டில் எழுத, லாரி புறப்படும்போது எழும் அந்தச் செம்மண் புழுதி. நம் ஊரில் பொருளுக்குப் பெயர் ஏது? அதை வார்க்கிற அச்சின் எண்தானே பெயர்! வாசுகியின் மாமனார் எங்கள் தொழிற்சாலையின் அந்தப் பழைய அச்சுகளைத்தான் வாங்கி வைத்திருந்தார். நூற்றிருபது அச்சும் எனக்கு மனப்பாடம்.

ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பதினோரு நாள் உட்கார்ந்தேன். படம் மேலிருந்து கீழாகத் திரைச்சீலை இறங்குவது போல மெல்ல மெல்ல வரும். முதலில் மூடி தெரியும், பிறகு கழுத்து, பிறகு வயிறு. இன்று எல்லாம் சட்டென்று வந்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பு இல்லையே என்று இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். "அச்சு எண் 47, வெண்மெருகு, முதல் தரம்." "அச்சு எண் 83, வட்டத் தட்டு, நடுவில் மேடு, முதல் தரம்." ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு எண் மாறவில்லை. என் வாழ்நாளிலேயே அழகான பட்டியல் அதுதான்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பத்து நாள் பார்த்தோம். இருபது நாள் பார்த்தோம். நாற்பது நாள் பார்த்தோம். தேடுபொறி வழியாக ஒருவர்கூட வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது குடும்பத்தின் காலத்தை நான் வீணடித்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று வாசுகியிடம் போய்ச் சொன்னேன். அவர் மண்ணைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் வேணாங்க சார். கடத்தெருவுல போயி நில்லுங்க. சனங்க என்னா சொல்லிக் கேக்குறாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

போனேன். கோயில் சன்னதித் தெருவில் சாமிக்கண்ணு வைத்திருந்த பாத்திரக் கடை. ஓரமாக நின்று, வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதினேன். உள்ளே போய் விவரம் சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் சாமிக்கண்ணுவே வெளியே வந்துவிட்டார். "என்னா சாரு, மூணு நாளா நிக்கிறீங்க, வாங்கவும் மாட்டேங்கறீங்க, போவவும் மாட்டேங்கறீங்க. சேல்ஸ் டாக்ஸ் ஆளா நீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஸ்டூலைப் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். "ஒக்காந்து எழுதுங்க. ஆனா அந்த நோட்ட மட்டும் மறைச்சிக்குங்க, வர்ற ஆளுங்க பயந்துக்கறாங்க" என்றார்.

அறுபத்தொரு பேர் கேட்டதை எழுதினேன். ஒருவராவது அச்சு எண்ணைச் சொன்னாரா? முதல் தரம் என்றாரா? வெண்மெருகு என்றாரா? இல்லை. மழைக்காலத்தில் உப்பு கசியாத ஜாடி கேட்டார்கள். காற்றுக்கு அணையாத விளக்கு கேட்டார்கள். தயிர் புளிக்காத கிண்ணம் கேட்டார்கள். நாம் பொருளைச் செய்த விதத்தை எழுதிவைத்திருந்தோம். அவர்கள் தங்கள் வீட்டில் இருந்த குறையைச் சொல்லிக் கேட்டார்கள்.

தாய்மார்களே, இனி சொல்லப்போவதை என் மனைவி ஜயாவிடம்கூட நான் நெடுநாள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு ஓர் அம்மாள் வந்தார். "மேச காலுக்கு அடியில தண்ணி ஊத்தி வைப்பாங்களே, எறும்பு ஏறாம, பீங்கான்ல. அது இருக்குதுங்களா?" என்றார். சாமிக்கண்ணு, "அதெல்லாம் இப்ப யாரும்மா செய்யறாங்க" என்றார். அந்த அம்மாள், "கொழந்தைக்குப் பால் வைக்க முடியலீங்க, எந்நேரமும் எறும்பு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

வட்டத் தட்டு. நடுவில் மேடு. மேட்டின் மேல் மேசைக் கால், சுற்றிலும் தண்ணீர்.

அவையோரே, அது எண்பத்து மூன்று! முப்பத்தொரு ஆண்டு லாரி லாரியாக அனுப்பினேன். அது எதற்கு என்று ஒரு நாளும் எனக்குத் தெரியாது! வாசுகியின் பரணில் பன்னிரண்டு இருந்தன. அச்சும் இருந்தது. "அம்மா, எங்களிடம் இருக்கிறது" என்று மூன்று சொற்கள் சொல்லியிருக்கலாம். எழுந்தேன். வாயைத் திறந்தேன். தெருவில் ஒரு பெண்மணியைக் கூவி அழைப்பதா என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்றிரவே பட்டியலை அழித்தேன். அழகான பட்டியல்தான், அழிக்கக் கை கூசியது. ஆனாலும் நூற்றிருபது வரிகளையும் அழித்தேன். எண்பத்து மூன்றுக்கு எதிரே அந்த அம்மாள் சொன்னதையே எழுதினேன்: மேசைக் காலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பீங்கான் கிண்ணம், எறும்பு ஏறாது, குழந்தையின் பாலுக்குப் பாதுகாப்பு. ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதினேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் தட்டுவது போல, தமிழை ஆங்கில எழுத்தில் வைத்து இன்னொரு முறை எழுதினேன். நாற்பத்தேழுக்கு உப்பு கசியாத ஜாடி என்று பெயர் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் நாகபுரியிலிருந்து முதல் ஆர்டர். எறும்புக் கிண்ணம் நான்கு. பிறகு மஸ்கட். பிறகு கோயம்புத்தூரில் ஒரு மூத்தோர் இல்லம், கட்டிலுக்கு நான்காக அறுபது கட்டிலுக்குக் கேட்டார்கள். கட்டில் காலுக்கு அது பயன்படும் என்று நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை! ஆம் அம்மா, நீங்கள் தலையாட்டுவது சரி. எறும்பு மேசைக்கு மட்டுமா ஏறுகிறது? பரணில் இருந்த பன்னிரண்டும் பறந்தன. பழைய அச்சைத் துடைத்தார்கள், பகலெல்லாம் வார்த்தார்கள், கொட்டகை முழுக்கப் பலகை பலகையாகக் காயவைத்தார்கள்.

ஜூலை பதினாறு. கெடுவுக்கு நான்கு நாள் முன்னால், விடியற்காலையில் வாசுகி சூளை மூட்டினார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். தட்டுத் தட்டாக எண்பத்து மூன்றுகளை உள்ளே அடுக்கியிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அந்த அம்மாளைக் கூப்பிடாமல் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். வாசுகி தீயைப் பார்த்தபடியே சொன்னார்: "உடுங்க சார். அவங்க கேட்டதாலதான் இது எரியுது."

இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கொட்டகையில் இன்று பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

என் அருமைத் தோழர்களே! நம்மிடம் மண் இல்லையா? மண்ணை மணியாக்கும் கை இல்லையா? கேட்கிறவர் உலகில் இல்லையா? எல்லாம் இருந்தும் ஏன் இருளில் இருந்தோம்? இருக்கிறது என்று சொல்லாமல் இருந்தோம்! கூவத் தெரியாத என்னைப் போன்றவனுக்கும், கூச்சத்தில் குரல் அடங்கிப்போனவனுக்கும் இன்று ஒரு வழி திறந்திருக்கிறது. யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் தம் குறையைத் தட்டுகிறார். அந்த நொடியில் "அம்மா, எங்களிடம் இருக்கிறது" என்று நமக்காக ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியைக் கேட்பவரின் வாய்ச்சொல்லால் எழுதுங்கள்! கேட்டு எழுதுங்கள்! கேட்டுக் கேட்டு எழுதுங்கள்!

நாளை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் பரணில் எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

நடுங்கும் குரலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், ஸ்டூல் போட்ட சாமிக்கண்ணுவுக்கும், பேர் தெரியாத அந்தக் கருவேப்பிலங்குறிச்சி அம்மாளுக்கும், இவ்வளவு நேரம் அமைதி காத்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்.